பாட்டுக்காக ஒயரிங்கை வெட்டாதீர்கள்

பழைய கார்களைப் பேணி ஓட்டிவரும் அன்பர்களுக்கு,

மொரிஸ் மைனர், தொடக்ககால அம்பாசிடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று டைனமோவில் ஓடும் வண்டிகளை இன்னும் சாலையில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதென்றால் நான்கு பேரிடம் விசாரித்து, நல்ல மெக்கானிக்காகத் தேடிப் பிடித்துத்தான் வண்டியைக் கொடுக்கிறோம். பெயின்ட் அடிப்பதென்றால் நிறத்தின் பழைய பெயரைக்கூடத் தேடுகிறோம். ஆனால் ஸ்டீரியோ மாட்டுவது மட்டும் ஒரு மத்தியான வேலையாக முடிந்துவிடுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, டெஸ்ட் லாம்ப் எரியும் ஏதோ ஒரு ஒயரின் தோலை உரித்து, அதில் ஒரு ஜாயின்ட் போட்டு டேப் சுற்றிவிட்டால் பாட்டு கேட்கிறது. அத்தோடு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பழைய வண்டிக்கு நாம் செய்யும் கெடுதல்களில் இது பெரியது என்பதும், இதைத் தவிர்ப்பது மிக எளிது என்பதும் என் கருத்து. காருக்கு ஏற்றபடி ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டீரியோவுக்கு ஏற்றபடி காரை மாற்றக் கூடாது. டைனமோவின் சக்திக்குள் அடங்கும் செட், வண்டியின் பழைய ஒயரிங்கைத் தொடாத தனி லைன், நாளை கழற்றினால் தடம் தெரியாத பொருத்தம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

பழைய காரில் ஸ்டீரியோவே கூடாது என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கட்சியில் நான் இல்லை. காருக்குள் பாட்டு கேட்கும் ஆசை இந்தக் கார்களைவிட வயதில் மூத்தது. அமெரிக்காவில் பால் கால்வின் தன் நிறுவனத்தின் கார் ரேடியோவை, மோட்டோரோலா என்ற பெயரில் பின்னாளில் உலகறிந்த ரேடியோவை, 1930-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மொரிஸ் மைனர் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது 1948-இல். அலெக் இசிகோனிஸ் அந்தக் காரை வரையும்போதே கார் ரேடியோ பழகிய சரக்குதான். ஆகவே இசை அந்நியப் பொருளல்ல. ஆனால் அன்றைய ரேடியோ ஒரே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அடக்கமாகப் பாடியது. அன்றைய வண்டியின் மின்சாரத்தை அறிந்த பொறியாளர்கள் அதை வடிவமைத்தார்கள். இன்றைய ஸ்டீரியோவை வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தது ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் பிளாஸ்டிக் உறையிட்ட ஒயர்களும் கொண்ட புதிய வண்டி. அந்தப் பழைய வண்டியையும் இந்தப் புதிய ஸ்டீரியோவையும் சேர்த்துவைக்கும் இடத்தில்தான் கவனம் தேவைப்படுகிறது.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். மொரிஸ் மைனர் 1000-இன் பிற்கால வண்டிகளில் இருப்பது லூகாஸ் சி40 டைனமோ. அதன் உச்ச உற்பத்தி 22 ஆம்பியர். அதற்கு முந்தைய சி39 டைனமோ 19 ஆம்பியர்தான் தரும். மழை பெய்யும் ஓர் இரவில் அந்த வண்டி என்ன செலவழிக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து ஏறத்தாழ 7 ஆம்பியர். முன்னும் பின்னும் உள்ள சிறு விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்து 2. இக்னிஷன் காயில் சுமார் 3. வைப்பர் சுமார் 3. பெட்ரோல் பம்ப் 1. ஆக 16 ஆம்பியர் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் 6. பிரேக்கை மிதித்தால் இரண்டு 21 வாட் பல்புகள் எரிந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். இண்டிகேட்டர் போட்டால் விட்டுவிட்டு இன்னொரு மூன்றரை. ஹாரன் கணக்கு தனி. இதற்கெல்லாம் இடம்விட்டுப் பார்த்தால் இரவில் ஸ்டீரியோவுக்கென்று நிம்மதியாக ஒதுக்க முடிவது 4 ஆம்பியர், அதாவது 50 வாட் அளவு. இதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்வதில்லை. சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவது அதைத்தான் சொல்கிறது. டைனமோ தருவது மாதச் சம்பளம் என்றால் பேட்டரியில் இருப்பது சேமிப்பு. அண்ணா சாலையில் ஊர்ந்து போகும் மாலை நேரம் முழுக்க வண்டி சேமிப்பை எடுத்துத்தான் செலவு செய்கிறது. அந்த நேரத்தில் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஓடினால், வீடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "என் செட்டின் பெட்டியில் 50 வாட், நான்கு சேனல் என்று போட்டிருக்கிறதே, 200 வாட்டுக்கு 16 ஆம்பியராவது வேண்டுமே, அப்படியென்றால் எந்த ஸ்டீரியோவுமே பழைய காருக்கு ஆகாதா?" அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தக் கவலை தீரும். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐசி, பேட்டரியிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குத் தர முடியாது. 14.4 வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி ஸ்பீக்கரின் நான்கு ஓமால் வகுத்தால் 52 வாட் வரும். ஆனால் அது ஒலி முழுக்கச் சிதைந்து, கரகரவென்று சதுர அலையாகிவிட்ட நிலையில் கிடைக்கும் எண். சிதையாத இசைக்கு அதில் பாதியான 26 வாட்தான் கணக்கின் எல்லை. ஐசிக்குள் ஆகும் இழப்பும் கழிந்தால் 20 வாட் சொச்சம். டைனமோ வண்டியில் அழுத்தம் 12.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது எல்லையே 20 வாட்டுக்குக் கீழே போகிறது. அதோடு இசை என்பது எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை. சாதாரணமாகக் கேட்கும் அளவில் இப்படிப்பட்ட ஒரு செட் 2 முதல் 4 ஆம்பியர் வரைதான் இழுக்கும். ஆகவே டேஷ்போர்டில் மாட்டும் சாதாரண செட் நம் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. கணக்குக்கு வெளியே போவது டிக்கியில் வைக்கும் தனி ஆம்ப்ளிஃபயர். உண்மையிலேயே 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, நூற்றுக்கு அறுபது பங்கு திறனில் இயங்கினால், உச்சத்தில் 60 ஆம்பியருக்கு மேல் கேட்கும். சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் அது டைனமோவின் மொத்தச் சம்பளம். கெப்பாசிட்டர் வைக்கலாம், இரண்டாவது பேட்டரி வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். இரண்டும் மின்சாரத்தைத் தேக்கிவைக்குமே தவிர உற்பத்தி செய்யாது. காலியான பேட்டரியை நிரப்ப வேண்டியதும் அதே 22 ஆம்பியர் டைனமோதான்.

சரி, 50 வாட்டில் என்ன கேட்டுவிட முடியும் என்பது அடுத்த கேள்வி. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடுகிறது. காதுக்கு அது சிறு மாற்றம். ஒலி இருமடங்காகக் கேட்பதுபோல் தோன்ற வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். அதற்கு மாறாக, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வைத்தால் செலவில்லாமல் அந்த ஒலி கிடைக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று ஒவ்வொரு ஸ்பீக்கரின் விவரத்திலும் போட்டிருப்பார்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 93 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், அந்த 6 டெசிபல் வித்தியாசம் ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். வகுப்பு டி என்ற வகையில் இன்று வரும் கையளவு ஆம்ப்ளிஃபயர்கள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்குத் தந்துவிடுகின்றன. சேனலுக்கு 20 வாட் தரும் இரண்டு சேனல் பெட்டி, பாட்டு ஓடும்போது சராசரியாக 2 ஆம்பியருக்குள் நிற்கும். ப்ளூடூத் உள்ளே இருப்பதால் டேஷ்போர்டில் எதையும் மாட்ட வேண்டியதே இல்லை. சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம். நல்ல ஒலிக்கும் பழைய டைனமோவுக்கும் சண்டையே கிடையாது. சண்டை வாட் எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கத்தோடுதான்.

இனி, அந்த மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆபத்து இருப்பது இங்கேதான். மொரிஸ் மைனரின் பானெட்டைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டியில் வேலை செய்யும் ஃபியூஸ்கள் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது. இக்னிஷனுக்கும் கிடையாது. பழுப்பு நிற ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை ஒயர் சாவியைத் திருப்பியதும் உயிர் பெறும். அது ஃபியூஸைத் தாண்டாமல் காயிலுக்குப் போகிறது. ஃபியூஸைத் தாண்டிய பிறகே அது பச்சையாகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் எளிதில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழுப்பும் வெள்ளையும். டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேடுபவருக்கு மூன்றிலும் விளக்கு எரியும். எதில் பாதுகாப்பு இருக்கிறது என்று அந்த விளக்கு சொல்லாது. வெள்ளை ஒயரில் ஸ்டீரியோவுக்கு ஜாயின்ட் போட்டு, அந்த ஸ்டீரியோ ஒயர் என்றாவது தகரத்தில் உரசித் தோல் போனால் என்ன நடக்கும்? நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரி ஷார்ட்டானால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு அதைத் தாங்காது. சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். அது தனியாகவும் எரிவதில்லை. அதே கட்டில் நூல் உறை போட்ட இருபது ஒயர்கள் கூட ஓடுகின்றன. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அவற்றின் ரப்பர் உலர்ந்து, மடக்கினாலே உதிரும் நிலையில் இருக்கிறது. ஒன்று உருகும்போது மற்றவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தீ பரவுகிறது.

ஃபியூஸ் இருக்கும் இடத்திலும் ஒரு பொறி காத்திருக்கிறது. லூகாஸ் பெட்டியில் உள்ள பழைய கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி அது ஃபியூஸ் அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து அது சுமக்கக்கூடியது அதில் பாதியான 17 ஆம்பியர்தான். இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கும் புதிய ஃபியூஸில் அந்த எண் தொடர்ந்து சுமக்கும் அளவைக் குறிக்கிறது. அது அறுவதற்கு இன்னும் கூடுதலாக மின்சாரம் போக வேண்டும். பழைய இடத்தில் இந்தப் புதிய ஃபியூஸைப் போட்டுவிட்டு, அதே லைனில் ஸ்டீரியோவையும் ஏற்றினால், ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் போய்விடும். எண் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதன் ஆபத்து.

முறையான வழி இதைவிடக் கடினமானதில்லை. ஸ்டீரியோவுக்கென்று பேட்டரியிலிருந்து ஒரு தனி லைன் இழுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஏழரை அல்லது பத்து ஆம்பியர் ஃபியூஸை ஹோல்டரோடு வையுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. ஸ்டீரியோவுக்குள் அதற்கென்று தனி ஃபியூஸ் இருக்கிறது. செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நீளம் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். ஒயர் இரண்டு சதுர மில்லிமீட்டர் இருந்தால் நான்கு மீட்டர் ஓடினாலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகரத் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாமல் ஒயரை விடாதீர்கள். உரசல் தொடங்குவது அங்கேதான். சாவியைத் திருப்பினால் மட்டும் பாட வேண்டும் என்றால் ஒரு ரிலே வையுங்கள். ரிலேயின் காயிலுக்கு 0.15 ஆம்பியர் போதும். அதைப் பச்சை ஒயரின் முனையில் உள்ள ஃபியூஸ் பெட்டித் திருகிலேயே ஒரு லக் போட்டு எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பழைய ஒயரின் தோலையும் உரிக்க வேண்டியதில்லை. எர்த்தையும் டேஷ்போர்டின் ஏதாவது ஒரு துருப்பிடித்த திருகில் முடிக்காமல், பாடியில் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்மீட்டர் உள்ள வண்டியில் மட்டும் ஒரு திருத்தம்: அங்கே லைனை பேட்டரி முனையிலிருந்து எடுத்தால், ஸ்டீரியோவுக்குப் போகும் மின்சாரத்தை அம்மீட்டர் பேட்டரி சார்ஜாவதாகக் காட்டி ஏமாற்றும். ஆகவே அம்மீட்டருக்கு மறுபக்கம், கட்-அவுட் பெட்டிப் பக்கத்திலிருந்து எடுத்து, அங்கேயே ஃபியூஸ் வைக்க வேண்டும்.

மொரிஸ் மைனர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த வண்டி தன் காலம் முழுக்க பாசிட்டிவ் எர்த்தாகவே தயாரானது. அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். உயிருள்ள ஒயர் மைனஸ். இன்றைய ஸ்டீரியோவின் உலோகக் கூடோ மைனஸோடு சேர்ந்தது. அதை அப்படியே டேஷ்போர்டில் திருகினால் கூடும் பாடியும் தொடும் இடத்திலேயே நேர் ஷார்ட். கூட்டுக்கு ரப்பர் சுற்றி மாட்டிவிட்டால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். ஏரியல் ஒயரின் வெளி உறையும் மைனஸ்தான், அது பாடியைத் தொடும். யுஎஸ்பி ஒயரின் உலோக முனையும் மைனஸ்தான், அது தவறி கியர் கம்பியில் பட்டாலும் அதே கதிதான். நம்பக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, உள்ளீடும் வெளியீடும் ஒன்றையொன்று தொடாத வகை 12 வோல்ட் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வைப்பது. வாங்கும்போது இரண்டு பக்க மைனஸும் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். சேர்ந்திருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று, வண்டியையே நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது. பேட்டரியைத் திருப்பி வைத்து, முனைகளின் பருமன் வேறு என்பதால் கிளாம்ப்களை மாற்றி, காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டைனமோவின் எஃப் முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு ஒயரை அந்த முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் டைனமோ புதிய திசைக்குப் பழகிக்கொள்ளும். இதை மறந்தால் டைனமோ தலைகீழாக மின்சாரம் தந்து கட்-அவுட்டின் பாயின்ட்டுகளைக் கருக்கிவிடும்.

காரை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு இதை மட்டும் எப்படி அனுமதிக்கிறாய் என்று கேட்பீர்கள். எந்த ஒயரையும் வெட்டாத, எந்தத் துளையும் போடாத, நாளை அதே வழியில் திருப்பிவிடக்கூடிய மாற்றம் இது. என் அளவுகோல் அதுதான். மாற்றிய பிறகு பானெட்டுக்கு அடியில் 'நெகட்டிவ் எர்த்' என்று பெரிதாக எழுதி ஒட்டுவது மட்டும் கட்டாயம். அடுத்து அந்த வண்டியின் பேட்டரியை மாற்றப் போகும் கை உங்களுடையதாக இருக்கும் என்பது நிச்சயமில்லை.

ஸ்பீக்கரிலும் பழைய பழக்கம் ஒன்று புதிய செட்டைக் கொல்கிறது. பழைய ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு ஒயரை பாடியில் கொடுத்துவிட்டு ஒரே ஒயரை இழுப்பது வழக்கம். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டுமே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருபவை. இரண்டிலும் பேட்டரியின் பாதி அழுத்தமான ஆறு வோல்ட் நிற்கும். எதையும் பாடியில் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர்கள் தனித்தனியாகப் போக வேண்டும். அதேபோல மஞ்சள் ஒயர். ஸ்டேஷன் நினைவுக்காக அது எப்போதும் பேட்டரியில் இருக்கும் என்று செட்டோடு வரும் காகிதம் சொல்லும். தினமும் ஓடும் வண்டிக்கு அது சரி. மாதம் ஒருமுறை வெளியே வரும் வண்டியில் அது 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் 30 நாளில் 7 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடுகிறது. நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாகவே இறங்குவதும் சேர்ந்தால் செல்ஃப் திணறும். அந்த மஞ்சளுக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள். ஸ்டேஷன்களைத் திரும்பத் தேட ஒரு நிமிடம் போதும். வேகத்தோடு ஏறி இறங்கும் உய்யென்ற இரைச்சல் வந்தால் அது டைனமோவின் குரல். அதன் பெரிய முனையான டியில் ஒரு மைக்ரோஃபேரட் கண்டென்சரை பாடிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எஃப் முனையில் மட்டும் கண்டென்சரை வைக்காதீர்கள்; கட்-அவுட் பெட்டியில் உள்ள ரெகுலேட்டரின் பாயின்ட்டுகள் கெடும்.

இதற்கெல்லாம் எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது ஆல்டர்னேட்டர் வாதம். "ஆல்டர்னேட்டர் மாட்டினால் ஐடிலிலும் சார்ஜ் ஆகும், 40 ஆம்பியர் கிடைக்கும், இந்தக் கஞ்சக் கணக்கெல்லாம் எதற்கு?" நகர நெரிசலில் தினமும் ஓட்டும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் நியாயமான மாற்றம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருகுகளில் மாட்டிக் கழற்றக்கூடியது அது. டைனமோவின் உருவத்திலேயே செய்த ஆல்டர்னேட்டர்கூட உலகச் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் அதை ஸ்டீரியோவுக்காக மாட்டுகிறோம் என்றால் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறோம். டைனமோவுக்கென்று அளந்து போட்ட பழுப்பு ஒயர் 22 ஆம்பியருக்கும் சற்று மேலே தாங்குவதற்கானது. 40 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் ஒயரும் முனைகளும் சூடேறும். 30 ஆம்பியர் அம்மீட்டர் உள்ள வண்டியில் அம்மீட்டரும் அதே வழியில்தான் இருக்கிறது. ஆகவே ஆல்டர்னேட்டர் மாட்டுபவர் முதன்மை ஒயரையும் மாற்ற வேண்டும், வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் அதையும் மாற்ற வேண்டும். ஹெட்லைட்டுக்காகவும் நெரிசலுக்காகவும் அதைச் செய்யுங்கள். பாட்டுக்கு 4 ஆம்பியர் போதும் என்று மேலே பார்த்தோம்.

இரண்டாவது வாதம்: "ஒயரிங்கே மக்கிப்போய் உதிர்கிறது. அதைக் காப்பாற்றி என்ன பயன்? மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்." ஒயரிங் மக்கிவிட்டால் மாற்றத்தான் வேண்டும், நூல் உறை ரப்பர் ஒயரை வெறும் அழகுக்காக வைத்துக்கொண்டு ஓட்டுவது அறிவீனம். ஆனால் அதே நிறங்களில், அதே பாதையில் போடுங்கள். பழுப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என்ற நிறங்கள் பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பொதுவான மொழி. சென்னை பாடியில் 1960களின் தொடக்கத்தில் வந்த லூகாஸ்-டிவிஎஸ் வழியாக நம் ஊர்ப் பட்டறைகளிலும் லூகாஸ் பாணி வேரூன்றியது. சர்க்யூட் படம் தெரிந்த எவரும் அந்த நிறங்களை வைத்தே பழுதைக் கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றையும் ஒரே சிவப்பு ஒயரில் போட்ட வண்டியில் அடுத்த எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றும் வேளையில் ஹெட்லைட்டுக்கும் ஃபியூஸ் சேர்த்துக்கொண்டால் அது வண்டிக்கு நன்மையே.

மூன்றாவது வாதத்தில் சட்டமும் உரிமையும் கலந்திருக்கின்றன: "என் வண்டி, என் பணம், என் விருப்பம். சட்டம் தடுக்கிறதா?" தடுக்கவில்லை. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பேணப்பட்ட வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவுசெய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்துகளோடு வருவது அந்தப் பதிவு. அதில் பெரிய மாற்றம் என்று கருதப்படுவது சேஸி, பாடி, இன்ஜின் போன்றவற்றில் செய்வதுதான்; ஸ்டீரியோ அந்தக் கணக்கில் வராது. ஆனால் பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யும் மாற்றங்கள் திருப்பிவிடக்கூடியவையாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கியமான பாகங்களை வண்டியோடு பத்திரப்படுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. நம்மில் யாரும் இந்த வண்டிகளின் முதல் உரிமையாளர் இல்லை, கடைசி உரிமையாளராகவும் இருக்கப்போவதில்லை. டேஷ்போர்டை செட்டின் அளவுக்கு அறுத்துவிட்டால் அந்தத் தகரம் திரும்ப வராது. மைனரின் டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டு இருக்கிறது. செட் அதில் உட்காரும். பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள அட்டையை அறுக்காமல், அதே அளவில் ஒரு ப்ளைவுட் பலகை வெட்டி அதில் ஸ்பீக்கரை மாட்டி, பழைய அட்டையை வீட்டுப் பரணில் வையுங்கள். பிறர் நலனை விடுங்கள், விற்கும் நாளில் உங்கள் நலனுக்கே அது உதவும். அறுத்த டேஷ்போர்டைப் பார்த்து விலை பேசாதவர் யார்?

"ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை சீட்டில் வைத்துக்கொண்டால் போயிற்று" என்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லவே மாட்டேன். வண்டியைத் தொடாத வழி எப்போதும் நல்ல வழி. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு அது பாடவும் வேண்டும். அது போதும் என்பவருக்கு இந்த மடலே தேவையில்லை.

கடைசியாக, "என் எலக்ட்ரீஷியன் முப்பது வருடமாக இதைத்தான் செய்கிறார், ஒன்றும் ஆனதில்லை" என்ற வாதம். அவருடைய கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அறுபதாண்டுப் பழைய மின்சுற்றை இன்றும் உயிரோடு வைத்திருப்பது அந்தக் கைகள்தான். ஆனால் மோசமான ஜாயின்ட் போட்ட அன்று எரிவதில்லை. டேப்பின் பசை வெயிலில் உருகி, டேப் நழுவி, செம்பு வெளியே தெரிந்து, ஒரு குலுங்கலில் தகரத்தைத் தொட ஆண்டுகள் ஆகும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். எரிந்ததற்கும் போட்டவருக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்றும் ஆனதில்லை என்பதற்கு, ஆனது நமக்குத் தெரியவரவில்லை என்பதும் ஒரு பொருள்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்தமுறை வண்டியை எலக்ட்ரீஷியனிடம் விடும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: லைன் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே வைக்கிறீர்கள்? பழைய ஒயர் எதையாவது வெட்டுகிறீர்களா? நாளை கழற்றினால் என்ன தடம் இருக்கும்? விடை திருப்தியாக இல்லையென்றால் வண்டியைத் திருப்பி எடுத்துவாருங்கள். ஏற்கெனவே ஸ்டீரியோ மாட்டியிருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுற்றிய ஜாயின்ட் ஏதாவது தெரிந்தால், அது பாடினாலும் பாடாவிட்டாலும், பேட்டரியின் எர்த்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள். வேலை முடிந்ததும் எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். தனி லைனுக்கும் ஃபியூஸுக்கும் ரிலேவுக்கும் ஆகும் செலவு ஒரு டயர் விலைகூட வராது.

அன்புடன்,
பழைய கார்ப் பிரியர்களில் ஒருவர்